ஹோம் ரன் கணக்கு: எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் என்ன எழுதுவது?

1921 ஜூலையில் அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் தன் 139வது ஹோம் ரன்னை அடித்தார். அந்த அடியோடு ரோஜர் கானரின் வாழ்நாள் சாதனை முறிந்தது. ஆனால் சாதனை முறிந்ததற்காக அன்று யாரும் எழுந்து நிற்கவில்லை, அப்படி ஒரு சாதனை இருந்ததே யாருக்கும் தெரியாது. கானர் 1880 முதல் 1897 வரை ஆடியவர். ரூத் அவரைத் தாண்டிய அன்று உயிரோடுதான் இருந்தார். அவர் அடித்தது மொத்தம் 138 என்ற கணக்கு, பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைத் தேடிப் புரட்டிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் நிலைபெற்றது. கானர் ஆடிய காலத்தில் வாழ்நாள் மொத்தத்தை வரிசைப்படுத்தி வைக்கும் பழக்கமே கிடையாது.

பழைய பேஸ்பால் வரலாற்றைக் கணினியில் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் லீக்குகளில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. 138ஐ 139 தாண்டிய அன்றே திரையில் செய்தி வந்துவிடும், பட்டியல் தானாகவே மாறிவிடும். ஒவ்வொரு பந்தும் எண்ணப்படும் உலகம் அது. அப்படியிருந்தும் அங்கே ஹோம் ரன் சாதனைகளைப் பின்தொடர்வது, வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிடக் கடினமான வேலை. கூட்டலைக் கணினி பார்த்துக்கொள்ளும். கூட்டி வந்த எண் எந்த நிலைமையில் பிறந்தது என்பதை லீக் நடத்துபவர்தான் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டால், நூறு சீசன் ஓடிய பிறகு கையில் இருப்பது ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத எண்களின் வரிசை.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஹோம் ரன்னைச் சிக்ஸர் என்று சொல்லிப் புரியவைக்கலாம். பந்து தரையில் படாமல் வேலியைத் தாண்டினால், அடித்தவர் நான்கு பேஸையும் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்கள்) நிதானமாகச் சுற்றி வந்துவிடலாம். ஒரு சீசனில் 40 அடித்தால் பெரிய ஆள், 60 அடித்தால் சரித்திரம். நிஜ உலகில் ஒரு சீசன் சாதனை பேரி பாண்ட்ஸ் 2001இல் அடித்த 73. வாழ்நாள் சாதனையும் அவருடையதுதான், 762. அவருக்கு முன் ஹாங்க் ஆரன் 755, அவருக்கும் முன் ரூத் 714. இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் இந்த விளையாட்டுக்குள் வருகிறார்கள்.

பகடையிலிருந்து ஒரு ஹோம் ரன்

பள்ளி நாட்களில் புத்தகத்தை விரித்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக வைத்து ஆடிய புக் கிரிக்கெட் பலருக்கு நினைவிருக்கும். அதில் சச்சினுக்கும் பதினோராவது ஆளுக்கும் ஒரே வாய்ப்புதான், பெயர் மட்டும்தான் வேறு. ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய நிஜத் திறமைக்கு ஏற்ற வாய்ப்பைக் கொடுத்தால்தான் ஆட்டம் வரலாறு போலத் தெரியும். அமெரிக்காவில் அதற்கு அட்டைகளைத் தயாரித்தார்கள். 1951இல் ரிச்சர்ட் சைட்ஸ் கொண்டுவந்த ஆப்பாவும், 1960களின் தொடக்கத்தில் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் அப்படிப் பிறந்தவை. இரண்டும் இன்றும் விற்பனையில் உள்ளன.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டை ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பேட்டரின் அட்டையில் 1, 2, 3 என்று மூன்று பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் 2 முதல் 12 வரை வரிகள். மூன்று பகடைகளை ஒன்றாக உருட்ட வேண்டும். தனி நிறத்தில் இருக்கும் பகடை பத்தியைச் சொல்லும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை வரியைச் சொல்லும். தனிப் பகடையில் 4, 5, 6 விழுந்தால் பார்க்க வேண்டியது பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், அட்டையை. இரண்டாம் பத்தியில் 7ஆம் வரியில் 'ஹோம் ரன்' என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பத்தி விழ ஆறில் ஒரு வாய்ப்பு. 7 விழவும் ஆறில் ஒரு வாய்ப்பு. ஆக 36க்கு 1. ஒரு சீசனில் 700 முறை பேட் பிடிப்பவருக்கு இந்த ஒரு வரியே ஏறக்குறைய 19 ஹோம் ரன்களைத் தந்துவிடும். அதே ஹோம் ரன் 6ஆம் வரியில் இருந்தால் 16. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ அந்தச் சொல்லை ஒரு வரி மேலே அச்சடித்தால் மூன்று ஹோம் ரன் குறையும்.

1927இல் ரூத் 691 முறை பேட் பிடித்து 60 அடித்தார். நூற்றுக்கு 8.7. உருட்டல்களில் பாதி பிட்சர் அட்டைக்குப் போய்விடும், அந்தக் காலத்துப் பிட்சர் அட்டைகளில் ஹோம் ரன் அபூர்வம். அதனால் ரூத்தின் அட்டை ஒன்றே கிட்டத்தட்ட முழுச் சுமையையும் தாங்க வேண்டும்: அந்த அட்டைக்கு வரும் உருட்டல்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்று வேலிக்கு வெளியே போக வேண்டும். அவர் தன் காலத்தைவிட்டு எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்பதை வேறு எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்த அட்டைதான் எனக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

கணினி வந்தபின் பகடைக்குப் பதில் சமவாய்ப்பு எண்கள். ஐபிஎம் 1620 கணினியில் ஜான் பர்ஜசன் 1960களின் தொடக்கத்திலேயே ஒரு பேஸ்பால் நிரலை எழுதி ஓட்டினார். இன்று சரித்திர லீக் நடத்துபவர்களிடம் அதிகம் புழங்கும் ஒன்று, ஜெர்மனியின் மார்க்கஸ் ஹைன்ஸோன் உருவாக்கி 1999இல் வெளியான அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால். ஷான் லாமன் தொகுத்த புள்ளிவிவரக் களஞ்சியம் 1871 வரைக்கும் போகும். அதை உள்ளே எடுத்துக்கொண்டால், நிஜத்தில் எந்த ஆண்டு யார் அறிமுகமானாரோ அந்த ஆண்டே உங்கள் லீக்கிலும் அவர் வந்து நிற்பார். அப்புறம் அவர் எப்படி வளர்வார் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. ஒவ்வொரு ஆண்டும் அவருடைய திறமையை நிஜப் புள்ளிவிவரத்தை வைத்துத் திருத்திக்கொண்டே போகலாம். அல்லது இருபது வயதில் வந்து நின்ற ஆளை விளையாட்டின் போக்கிலேயே வளரவிடலாம். முதல் வழியில் ரூத் ரூத்தாகவே இருப்பார். இரண்டாவது வழியில் 1914இல் வரும் இளம் ரூத் நல்ல இடக்கை பிட்சராகவே காலத்தைக் கழித்துவிடவும் கூடும். நிஜத்திலும் அவர் பிட்சராக 94 ஆட்டங்களை வென்றவர்தானே.

இந்த இரண்டில் எது என்பது கட்டத்தில் முதலில் எழுத வேண்டிய சொல். இரண்டு வழிகளில் பிறந்த சாதனைகளையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

தற்செயல் எவ்வளவு?

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். 1927 சீசனை அப்படியே திரும்ப ஓட்டுகிறோம். ரூத்தின் வாய்ப்பு நூற்றுக்கு 8.7, பேட் பிடிப்பது 691 முறை. விடை 60 வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வராது. பகடையின் இயல்பான ஊசலாட்டத்தைக் கணக்குப் போட்டால், இந்த நிலையில் திட்ட விலக்கம் 7.4. அதாவது மூன்று ஓட்டங்களில் இரண்டு 53க்கும் 67க்கும் நடுவில் விழும். மீதியில் பாதி அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ். பாண்ட்ஸின் 73ஐ ரூத் தாண்டுவது ஏறக்குறைய 30 ஓட்டங்களுக்கு ஒரு முறை நடக்கும். அதே சீசனில் 47 அடித்த லூ கெரிக், பத்தில் ஒரு ஓட்டத்தில் ரூத்தை முந்திவிடுவார். யாருடைய திறமையும் மாறவில்லை, பகடை மட்டும்தான் வேறு விதமாக விழுந்தது.

இதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தவருக்கு 60 என்ற நிஜ எண்ணே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அதுவும் ஒரே ஒரு ஓட்டத்தின் விடைதான்.

வாழ்நாள் மொத்தம் இவ்வளவு ஆடாது. ரூத் தன் வாழ்நாளில் பத்தாயிரம் முறைக்கும் மேல் பேட் பிடித்தார். 714க்கான திட்ட விலக்கம் 26தான். ஆரனின் 755க்கு 27. இருவருக்கும் நிஜத்தில் கிடைத்த அதே வாய்ப்புகளைக் கொடுத்து ஓட்டினால் ரூத் ஆரனை முந்துவது ஏழெட்டு ஓட்டத்துக்கு ஒரு முறை. பாண்ட்ஸுக்கும் ஆரனுக்கும் இடையிலான 7 ஹோம் ரன் வித்தியாசமோ கிட்டத்தட்டக் காசு சுண்டுவது மாதிரி, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஓட்டங்களில் ஆரன் மேலே நிற்பார். ஆகவே சிமுலேஷனில் ஒருவர் ஒரு சீசன் சாதனையை முறித்தால் அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது என்று கொள்ளலாம். 850 அடித்து வாழ்நாள் சாதனையை முறித்தால் அதிர்ஷ்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. காயம் படாமல் தப்பியிருப்பார், மைதானம் மாறியிருக்கும், ஆடிய ஆண்டுகள் கூடியிருக்கும். அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் போய்ப் படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கண்ணியும் இங்கே இருக்கிறது. லீக் நடத்துபவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். 1961இல் ரோஜர் மாரிஸ் 61 அடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு 39, அடுத்த ஆண்டு 33. அந்த 61இல் திறமையும் இருந்தது, அந்த ஆண்டு எல்லாம் கூடிவந்த நேரமும் இருந்தது. 61ஐ அவருடைய அசல் திறமை என்று எடுத்து விளையாட்டுக்குள் போட்டால், ஏற்கெனவே அதிர்ஷ்டம் கலந்த எண்ணின் மேல் பகடை இன்னொரு முறை அதிர்ஷ்டத்தை ஊற்றும். ஒரு நூற்றாண்டு முழுக்க எல்லா வீரர்களுக்கும் இப்படிச் செய்தால் எங்காவது ஒருவர் 75ஐத் தொட்டே தீருவார். அதனால்தான் மூன்று ஆண்டுச் சராசரியை எடுக்கும் வசதியை வைத்திருக்கிறார்கள். மாரிஸுக்கு 39, 61, 33இன் சராசரி 44. அந்த அமைப்பில் அவர் 61ஐத் தொடுவது அபூர்வம். எது சரி என்று கேட்டால், திறமையை அளப்பதற்கு மூன்று ஆண்டுச் சராசரியே மேல் என்பேன். 1961 போன்ற ஒரு கோடையைத் திரும்ப வாழ்ந்து பார்க்க விரும்புபவருக்கு ஓராண்டுக் கணக்கு வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, கட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

பிடிக்காத சீசனை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1927ஐப் பத்து முறை ஓட்டி, அதில் ரூத் அதிகம் அடித்ததை மட்டும் வைத்துக்கொண்டால், சராசரியாக 71 கிடைக்கும். அது ரூத்தின் சாதனை ஆகாது. ஒரு லீக்குக்கு ஒரு ஓட்டம்தான். இதில் விட்டுக்கொடுத்தால் மற்றக் கட்டங்களை எழுதிப் பயனில்லை.

180 அடியில் ஒரு வேலி

ரூத்துக்கு முன் ஒரு சீசன் சாதனை யாருடையது? நெட் வில்லியம்சன், 1884, 27 ஹோம் ரன். அந்தச் சாதனை 35 ஆண்டுகள் நின்றது. 1919இல் ரூத் 29 அடித்து முறித்தார். வில்லியம்சன் ஆடிய சிகாகோ லேக் ஃபிரண்ட் பார்க்கின் இடப்பக்க வேலி 180 அடியில் இருந்தது, வலப்பக்கம் 196 அடி. இன்றைய மைதானங்களில் ஓரங்களிலேயே 300 அடிக்குக் குறையாமல் இருக்கும். 1883 வரை அந்த வேலியைத் தாண்டிய பந்துக்கு இரண்டு பேஸ்தான் என்று உள்ளூர் விதி. 1884இல் அந்த விதியை எடுத்தார்கள், ஹோம் ரன் என்றார்கள். அந்த ஒரு ஆண்டில் சிகாகோ அணி 142 ஹோம் ரன் அடித்தது, நான்கு பேர் 20ஐத் தாண்டினார்கள். வில்லியம்சனின் 27இல் 25 சொந்த மைதானத்தில் வந்தவை. அடுத்த ஆண்டு அணி வேறு மைதானத்துக்குப் போனது, அவர் அடித்தது 3.

இந்த ஆளைச் சிமுலேஷனில் எப்படி வைப்பது? 27ஐ அப்படியே திறமையாக எடுத்தால், வேறு நகரத்து அணிக்கு மாற்றியதும் அவர் 19ஆம் நூற்றாண்டின் அசுரனாகிவிடுவார். மைதானத்தின் பங்கைப் பிரித்தெடுத்துவிட்டால் சாதாரண ஆள். மைதானத்தையும் சேர்த்து வைத்தால் மட்டும் வரலாறு பொருந்தும். பிலடெல்பியாவின் பேக்கர் பவுல் மைதானமும் அப்படித்தான். காவி க்ராவத் 1914இல் 19 ஹோம் ரன் அடித்து தேசிய லீக்கில் முதலிடம் பெற்றார். பத்தொன்பதும் சொந்த மைதானத்தில் அடித்தவை. வெளியூரில் ஒன்றுகூட இல்லை.

ரூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1919இல் பாஸ்டனுக்காக அடித்த 29இல் ஃபென்வே பார்க்கில் அடித்தவை 9தான். அங்கே வலப்பக்க வெளி அப்போது அகலமாக இருந்தது, இடக்கையால் அடிப்பவருக்கு அது பெரிய தடை. அடுத்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸுக்கு வந்து, வலப்பக்க ஓர வேலி 260 அடிக்கும் குறைவான போலோ கிரவுண்ட்ஸில் ஆடியபோது மொத்தம் 54, அதில் 29 உள்ளூரில். உங்கள் லீக்கில் பாஸ்டன் ரூத்தை விற்காவிட்டால் அவருடைய வாழ்நாள் மொத்தம் எங்கே போய் நிற்கும்? வரலாற்றுச் சிமுலேஷனை இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் விடாமல் ஓட்டுவதற்கு இப்படிப்பட்ட கேள்விகள்தான் காரணம்.

ஆரனின் 755ம் இப்படிப் பிரியும். மில்வாக்கியில் 1965 வரை 398. 1966இல் அணி அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில் இருந்த அந்த மைதானத்தில் பந்து நன்றாகப் பறக்கும். ஏவுதளம் என்றே அதற்குப் பட்டப்பெயர். முப்பத்திரண்டு வயதுக்கு மேல் அட்லாண்டா அணிக்காக அவர் அடித்தவை 335. கடைசி இரண்டு ஆண்டுகள் மில்வாக்கிக்கே திரும்பி வந்து புரூவர்ஸ் அணிக்காக 22. லீக்கில் அணிகள் இடம் மாறுவதை அனுமதிக்காத அமைப்பு என்றால், அந்த நடுப்பகுதி முழுக்க வேறு மைதானத்தில் நடக்கும்.

மைதானத்துக்கு அடுத்தது காலம். 1908இல் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான இரண்டு மேஜர் லீக்குகளும் (தேசிய லீக், அமெரிக்கன் லீக்) சேர்ந்து அடித்தவை 267. 1919இல் 447. 1921இல் 937. (1919இல் அணிக்கு 140 ஆட்டங்கள்தான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) 1920இல் எச்சில் தடவிய பந்து வீசத் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற வீரர் தலையில் பந்து பட்டு இறந்தபின், அழுக்கேறிக் கறுத்த பந்துகளை மாற்றி வெள்ளைப் பந்துகளை அடிக்கடி உள்ளே விட ஆரம்பித்தார்கள். அப்புறம், ரூத்தைப் பார்த்து மற்றவர்களும் பேட்டைக் கீழ்நுனியில் பிடித்து ஓங்கி வீசக் கற்றுக்கொண்டார்கள். 2019இல் மொத்தம் 6,776. விளையாட்டு நிரல் ஒவ்வொரு ஆண்டின் நிஜ மொத்தத்தை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை என்றால், 1908இல் பிறந்த சாதனையும் 2019இல் பிறந்த சாதனையும் வேறு வேறு ஆட்டங்களின் எண்கள்.

அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் மொத்த ஹோம் ரன்னில் அவருடைய பங்கையும் எழுதுவது நல்ல பழக்கம். 1920இல் மேஜர் லீக் மொத்தம் 630, ரூத் 54: நூற்றுக்கு 8.6. அமெரிக்கன் லீக்கில் வேறு எந்த அணியும் அந்த ஆண்டு 54ஐத் தொடவில்லை, ஓர் அணி முழுக்க அடித்ததைவிட இவர் ஒருவர் அதிகம் அடித்தார். 2001இல் மொத்தம் 5,458, பாண்ட்ஸ் 73: நூற்றுக்கு 1.3. அணிகள் 16லிருந்து 30 ஆகிவிட்டன என்று சரிக்கட்டினாலும் 2.5தான் வருகிறது. பாண்ட்ஸைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் தன் காலத்தை இவ்வளவு தூரம் பின்னால் விட்டவர் என்று பார்த்தால், 54தான் எனக்கு 73ஐவிடப் பெரிய எண். அது சாதனைப் பட்டியலில் இன்று எங்கோ கீழே கிடக்கிறது. பங்குக் கட்டம் இருந்தால் அந்த எண் கண்ணில் படும்.

ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கன் லீக் 1961இல்தான் 154 ஆட்டத்திலிருந்து 162க்கு மாறியது. அதனால்தான் மாரிஸின் 61ஐத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று அப்போதைய கமிஷனர் ஃபோர்டு ஃபிரிக் சொன்னார், ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. சிமுலேஷனில் சண்டைக்கு வேலையில்லை. 154ஆ 162ஆ என்று ஒரு கட்டம் போதும்.

விதிகளில் ஒன்று மட்டும் விரிவாகச் சொல்லத் தகுந்தது. 1920க்கு முன், கடைசி இன்னிங்ஸில் வெற்றி ரன்னைத் தரும் பந்து வேலியைத் தாண்டினாலும், அந்த ரன் வர எத்தனை பேஸ் தேவையோ அத்தனைதான் அடித்தவர் கணக்கில் ஏறும். 1918இல் ரூத் அப்படி அடித்த ஒரு பந்து மூன்று பேஸ் அடியாக எழுதப்பட்டது. 1960களின் கடைசியில் பழைய கணக்குகளைச் சீராக்க அமைந்த குழு, இவற்றை ஹோம் ரன் என்று மாற்ற முதலில் முடிவு செய்தது. அது நிலைத்திருந்தால் ரூத்தின் மொத்தம் 715. பிறகு அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள், 714 அப்படியே நின்றது. ஆரன் தன் 715வதை அடிப்பதற்கு ஐந்தே ஆண்டுகள் முன்னால் நடந்த விஷயம் இது. இந்த நுணுக்கத்தைப் பல விளையாட்டுகள் கண்டுகொள்வதில்லை, 1918ஐயும் இன்றைய விதியில்தான் ஓட்டும். லீக் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

யார் ஆடினார்கள், யாரை ஆடவிடவில்லை

டெட் வில்லியம்ஸ் 521 அடித்தார். 1943, 44, 45 மூன்று சீசன்களும் இரண்டாம் உலகப் போரில் போயின. 1952, 53இன் பெரும்பகுதி கொரியப் போரில் விமானம் ஓட்டியதில் போனது. போருக்குப் போவதற்கு முந்தைய சீசனில் 36, திரும்பி வந்த சீசனில் 38. இடைப்பட்ட மூன்றுக்கும் 37 போட்டாலே 630ஐத் தாண்டுகிறார், கொரியாவைச் சேர்க்காமலே. 1938இல் 58 அடித்த ஹாங்க் கிரீன்பெர்க் 1941 மே முதல் 1945 ஜூன் வரை ராணுவப் பணியால் ஆடவில்லை. வாழ்நாள் மொத்தம் 331தான். சிமுலேஷனில் போர்க்கால இடைவெளியை வைப்பதா எடுப்பதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. எடுத்துவிட்டால் வாழ்நாள் பட்டியலின் நடுப்பகுதி முழுக்கக் கலைந்துபோகும். நான் எடுத்துவிடும் பக்கம். அவர்கள் இழந்த ஆண்டுகளைப் பார்க்க இதைவிட்டால் வேறு வழி கிடையாது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று, போர் சம்பந்தப்படாதது. 1947 ஏப்ரல் 15ஆம் தேதி ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை 20ஆம் நூற்றாண்டு மேஜர் லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளில் ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணிகளுக்கு ஆடிய ஜாஷ் கிப்சன் அதே ஆண்டு ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம். புகழ் மண்டபத்தில் அவருடைய பலகை, லீக் ஆட்டங்களிலும் வெளி ஆட்டங்களிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் என்கிறது. 2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி தரப்பட்டது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்களும் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்ந்தன, பேட்டிங் சராசரியில் .372 என்று கிப்சன் எல்லோருக்கும் மேலே போனார். ஹோம் ரன் பட்டியலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம் எளிது: சராசரிக்குக் குறைந்த ஆட்டங்கள் போதும், மொத்தத்துக்கு நிறைய ஆட்டங்கள் வேண்டும். நீக்ரோ லீக்குகளில் ஒரு சீசனுக்குக் கணக்கில் ஏறும் ஆட்டங்கள் குறைவு, மீதி நாளெல்லாம் ஊர் ஊராகப் போய் ஆடும் வெளி ஆட்டங்கள்.

சரித்திர லீக்கில் நிறத்தடையை நீக்கி, 1930இல் பதினெட்டு வயதுக் கிப்சனை உள்ளே விடலாம். பலர் விடுகிறார்கள். அப்போது அவருக்கு 154 ஆட்டங்கள் கிடைக்கும். ஆனால் அவருடைய திறமை எண்ணைக் குறைந்த ஆட்டங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். சில நூறு வாய்ப்புகளை நீட்டி முழு சீசனாக்கும்போது, மாரிஸ் விஷயத்தில் பார்த்த அதே சிக்கல் இன்னும் பெரிதாக வரும். பல ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான் இதில் கொஞ்சம் பாதுகாப்பான வழி. கூடவே, அவர் கேட்சர். தினமும் முட்டி மடக்கி உட்காரும் வேலை அது. 154 ஆட்டத்திலும் கேட்சராக நிறுத்தினால் சீக்கிரம் தேய்ந்துபோவார், வேறு இடத்துக்கு மாற்றினால் வாழ்நாள் மொத்தம் கூடும். அந்த முடிவை எடுப்பது நீங்கள் என்பதால் அதுவும் கட்டத்தில் ஏற வேண்டும். தடையை நீக்கும்போது அவரோடு அத்தனை நீக்ரோ லீக் பிட்சர்களும் உள்ளே வருகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ரூத்தும், மேஜர் லீக்கின் இன்னொரு பெரிய அடிப்பாளரான ஜிம்மி ஃபாக்ஸும் இனி நீக்ரோ லீக் பிட்சர் சாட்செல் பெய்ஜின் பந்தையும் சந்திக்க வேண்டும். அவர்களுடைய எண்கள் எவ்வளவு இறங்குகின்றன என்பதைத்தான் இந்த அமைப்பில் நான் முதலில் பார்ப்பேன்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் பட்டியலின் ஒரு வரி நீளமாகத்தான் இருக்கும்: பெயர், ஆண்டு, எண், ஆட்டங்கள், மொத்தத்தில் பங்கு, உள்ளூரில் எத்தனை, திறமை எப்படி எடுக்கப்பட்டது, போர் இருந்ததா, தடை இருந்ததா, அணியை நடத்தியது மனிதரா கணினியா, நிரலின் எந்தப் பதிப்பு. கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு லீக் பல ஆண்டுகளாக ஓடும்போது நடுவில் நிரல் புதுப்பிக்கப்படும், ஹோம் ரன் கணக்கும் லேசாக மாறும். அந்தத் தேதி குறிக்கப்படாவிட்டால், 1950களில் ஏன் திடீரென்று எல்லோரும் அடித்துத் தள்ளினார்கள் என்று பின்னால் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதுதான்.

பின்தொடர்வதில் மிஞ்சுவது வேகம். பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் லீக்கை ஓட்டிவிடுவோம். ஒரு சீசன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாதனைக்கு அருகில் வந்துவிட்ட வீரர் இருந்தால் மட்டும் நாள் நாளாக ஓட்ட வேண்டும். ஆரன் 1973 சீசனை 713இல் முடித்தார், ரூத்துக்கு ஒன்று குறைவு. ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அவருக்கு வந்த கடிதங்கள் லட்சக்கணக்கில். பலவற்றில் வாழ்த்து, பலவற்றில் கறுப்பினத்தவர் ஒருவர் ரூத்தைத் தாண்டக் கூடாது என்ற கொலை மிரட்டல். 1974 ஏப்ரல் 4ஆம் தேதி சின்சினாட்டியில் முதல் ஆட்டம், முதல் முறை பேட்டை வீசியதுமே 714. நான்கு நாள் கழித்து அட்லாண்டாவில் அல் டவுனிங் வீசிய பந்தில் 715.

நிரலில் அந்தக் குளிர்காலம் ஒரு பொத்தானை அழுத்தும் நேரம். என் லீக்கில் யாராவது 700ஐத் தாண்டி, முதலிடத்துக்கு ஒன்றிரண்டு குறைவாக சீசனை முடித்தால், அன்றைக்கு அங்கேயே நிறுத்தி மூடிவிடுவேன். சில நாள் கழித்துத்தான் திரும்பத் திறப்பேன். அப்புறம் ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நாளாக.